ஆவாரம்பட்டை முதல் தேங்காய் நார் வரை: 30 வருடம் தாமதமான ஒரு பதில்



கொஞ்சம் நீளமான பதிவு இது. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். பாதியில் நழுவுகிறவர்கள் யார் யார் என்பது வகுப்பிலேயே எனக்குத் தெரியும். இங்கேயும் தெரியும்!

இந்தக் காணும் பொங்கலன்று பழைய மாணவன் ஒருவன் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தான். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இன்சோல் பிரிவில் சூப்பர்வைசர். காலில் விழுந்து எழுந்ததும் பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டையை எடுத்து நீட்டினான்.

"இது இன்னான்னு சொல்லுங்க சார்."

பழுப்பு நிறம். வளைத்தேன், வளைந்தது. மோந்து பார்த்தேன், லேசான தோல் வாசனை. ஓரத்தைப் பிய்க்கப் பார்த்தேன், சுலபத்தில் பிய்யவில்லை. பிய்ந்த இடத்தில் மெல்லிய இழைகள் நீட்டிக்கொண்டு நின்றன. தேங்காய் நார்!

"தோல் சீவுன தூளும் தேங்கா நாரும் சேத்து செஞ்ச அட்டை சார். சாம்பிளுக்கு வந்துது. இன்னும் வேலைக்கு எடுக்கல. இதுக்கெல்லாம் ஏதாவது வரலாறு இருக்குதா சார்?"

என்னிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா? ஒரு மணி நேரம் பேசினேன். அவன் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவர்கள் போன பிறகுதான் வேறொரு ஞாபகம் வந்து மனசைக் குத்தியது.

1992 வாக்கில் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு. நம் மாவட்டத்தின் தொழில்கள் பற்றிப் பாடம். கரும்பலகையில் 'தோல் தொழில்' என்று எழுதி, அதன் கீழே 'அந்நியச் செலாவணி, வேலைவாய்ப்பு' என்று கோடு போட்டு எழுதினேன். பாலாற்றங்கரைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"சார், தோல சீவி, வெட்டிப் போடறதெல்லாம் கடைசியில எங்க சார் போவுது? எங்க கொல்லைக்குப் பக்கத்துல கொட்டறாங்க. கெணத்துத் தண்ணி செவப்பா வருது சார்."

"அது பரீட்சைக்கு வராதும்மா, உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

உண்மையில் எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாத்தியார் கௌரவம் விடவில்லை. நான் படித்ததே தோல் ஷாப்பில் நைனா வாங்கிய கூலியில்தான் என்பதும் ஒரு காரணம். அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் சாட்சி.

நைனாவின் பட்டைக் குழி

எங்கள் நைனா வாணியம்பாடியில் ஒரு தோல் ஷாப்பில் பட்டைக் குழியில் வேலை பார்த்தார். சின்ன வயதில் நான்தான் மதியச் சோறு கொண்டுபோவேன். தரையில் வரிசையாகக் குழிகள் இருக்கும். முதலில் சுண்ணாம்புக் குழி. அதில் ஊறி மயிர் கழன்ற தோலை எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சீவி, கழுவி, ஆவாரம்பட்டை ஊறிய குழியில் போடுவார்கள். பிறகு அதைவிடக் கெட்டியான பட்டைத் தண்ணீருக்கு, அடுத்து இன்னும் கெட்டியானதற்கு என்று வாரக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசியில் கடுக்காய்த் தண்ணீர், பிறகு எண்ணெய்.

பட்டை என்ன செய்கிறது? பாக்கையோ நெல்லிக்காயையோ மென்றால் வாய் இறுகுகிறதல்லவா? அந்தத் துவர்ப்புதான் வேலை செய்கிறது. தோல் முழுக்க கொலாஜன் என்ற புரத இழைகள். துவர்ப்புப் பொருள் அந்த இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை அழுகாமல் காக்கும். மாட்டுப்பொங்கலுக்கு மஞ்சளாகப் பூ பறிக்கிறோமே, அந்த ஆவாரஞ்செடிதான் நம் ஊர்த் தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது. வெள்ளைக்காரர்கள் அதை 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்கு சென்னை மாகாணத்துத் தோல் ஏராளமாகப் போனது. இப்போது அதற்குப் புவிசார் குறியீடும் உண்டு.

நான் சொல்ல வந்தது அங்கே மிஞ்சியதைப் பற்றி. சீவிய சதையும் துண்டுத் தோலும் பசை காய்ச்சப் போகும். பழைய தச்சர்கள் நாற்காலிக் காலை ஒட்டிய வச்சிரம் அதில் வந்ததுதான். மயிரை வாங்கிப் போகத் தனி ஆள் வருவார். சாறு இறங்கிய பட்டைச் சக்கையைக் காயவைத்து அடுப்பெரிப்பார்கள். எங்கள் வீட்டு வெந்நீர் அடுப்பே அதில்தான் எரிந்தது. மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் கேட்க ஆள் இருந்தது.

அதற்காக அது பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். உப்பும் சுண்ணாம்புத் தண்ணீரும் அப்போதும் வெளியேதான் ஓடின. காடு மேடெல்லாம் ஆவாரஞ்செடியை உரித்துப் பட்டை தட்டுப்பாடாகி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை கப்பலில் வந்தது. அந்தக் குழியில் இறங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்கள், வெளியே நின்று கணக்கு எழுதியவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்பதும் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். நைனாவின் கைகள் கடைசி வரை பழுப்பாகவே இருந்தன. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தால் கையைத் துண்டுக்குள் வைத்துக்கொள்வார்.

குரோம் வந்தது

சென்னை மாகாண அரசில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி இருந்தார். 1903 வாக்கில் இங்கே குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தவர் அவர். அடுத்த ஆண்டு மாகாணத்தின் தோல் தொழிலைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். பிறகு பல்லாவரம் பக்கத்தில் குரோம் தோல் கம்பெனி வந்தது. இன்றைய குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்த கதை அதுதான்.

பட்டையில் வாரக்கணக்கில் ஆகிற வேலையை குரோமிய உப்பு ஒரு நாளில் முடித்துவிடும். தோல் மிருதுவாக இருக்கும், சூடு தாங்கும், விரும்பிய நிறம் ஏறும். ஷூ மேல்பாகத்துக்கு அதைவிட வசதி கிடையாது. ஆனாலும் நம் பக்கத்தில் பட்டைத் தோல் ரொம்ப நாள் தாக்குப்பிடித்தது. பெரிய மாற்றம் 1970களில் வந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு விற்று, அவர்கள் செய்த ஷூவை நாம் வேடிக்கை பார்ப்பதா என்று கேள்வி எழுந்தது. 1972இல் சீதாராமையா குழு, அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுதாக முடித்த தோலையும் தோல் பொருள்களையும் ஊக்குவிக்கச் சொன்னது. நியாயமான முடிவுதான். அதனால்தான் ஆம்பூரில் ஷூ கம்பெனிகள் பெருகின. உங்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

முடித்த தோல் என்றால் குரோம், சாயம், இன்னும் எத்தனையோ ரசாயனம். கூடவே புதிய வகைக் கழிவு. ஒரு டன் உப்புத்தோல் உள்ளே போனால் முடித்த தோலாக வெளியே வருவது சுமார் 200 கிலோதான். தோல் எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஷேவிங் மெஷினில் கொடுத்துச் சீவுவார்கள். மரத்தை இழைத்தால் இழைப்புச் சுருள் விழுகிற மாதிரி ஈரமான நீலச் சீவல் மூட்டை மூட்டையாக விழும். அதன்பின் வெட்டுத்துண்டு, பஃபிங் தூசி.

இங்கேதான் பழைய சங்கிலி அறுந்தது. குரோம் ஏறிய சீவலைப் பழைய மாதிரி காய்ச்சினால் பசை இறங்காது. மண்ணில் புதைத்தாலும் சீக்கிரம் மக்காது. செங்கல் சூளையில் போட்டு எரித்தால், ஓரளவு சாதுவான மூன்று இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கக்கூடிய ஆறு இணைதிறன் குரோமியமாக மாறக்கூடும். வாங்க ஆளில்லாத பொருள் இரவோடு இரவாக எங்கே போகும்? ஓடை, ஏரிக்கரை, புறம்போக்கு. மாணவி கேட்ட கேள்விக்கு முதல் பாதி பதில் இது: உங்கள் கொல்லைக்குப் பக்கத்தில்தான் போனது அம்மா.

மாமாவின் கிணறு

என் அம்மாவின் தம்பிக்குப் பாலாற்றை ஒட்டி இரண்டரை ஏக்கர். தென்னையும் நெல்லும். கோடை விடுமுறையில் அவர் கிணற்றில்தான் நீச்சல் பழகினேன். 1980களின் கடைசியில் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் சோப்பு நுரைக்கவில்லை என்று அத்தை சொன்னார். பிறகு நெல் மணி பிடிக்கவில்லை. தென்னையில் குரும்பை கொட்டியது. ஒரு வருடம் மாமா நைனாவிடம் வந்து, "உங்க ஷாப்பு தண்ணிதான் மாமா எங்க கெணத்துக்கு வருது" என்றார். நைனா பதில் சொல்லாமல் வெளியே போய்விட்டார். ஒரே வீட்டில் ஒரு கைக்குச் சோறு போட்டதே இன்னொரு கைக் கிணற்றைக் கெடுத்தது. அந்தத் திண்ணையில் நானும் உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் நாடு முழுக்கத் தெரிந்த வழக்கானது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போனதை அந்தத் தீர்ப்பு பதிவு செய்திருக்கிறது. 'கெடுத்தவனே கொடுக்க வேண்டும்' என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்றியதில் நம் வேலூர் வழக்குக்குப் பெரிய பங்குண்டு. சட்டக் கல்லூரியில் படிக்கும் பேரப்பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், வேலூர் என்றதும் கோட்டையைச் சொல்ல மாட்டார்கள், இந்த வழக்கைத்தான் சொல்வார்கள். ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே இழப்பீட்டைப் பற்றி மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. மாமா அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கழிவுநீருக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பலன் இருந்தது. ஆனால் தண்ணீரைச் சுத்தம் செய்தால் அடியில் சகதி தேங்கும். 2015 ஜனவரி 31 அதிகாலையில் ராணிப்பேட்டை சிட்கோவில் சகதித் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எடுத்துப் போக ஆளில்லாத கழிவு ஓரிடத்தில் குவிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டுமா?

பாட்டியின் காகிதக் கூடை

சரி, சீவலையும் துண்டையும் வேறு எதுவாவது செய்ய முடியாதா?

உங்கள் பாட்டி வீட்டில் காகிதக் கூடை இருந்ததா? பழைய நோட்டு, செய்தித்தாள் எல்லாவற்றையும் தண்ணீரில் ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த குடத்தின் மேல் அப்பிக் காயவைப்பார்கள். காய்ந்ததும் குடத்தை உருவினால் கூடை. முறமும் சொளகும் கிழிந்தால் அவற்றின் மேலும் இதையே பூசுவார்கள். காகிதத்திலிருக்கும் தாவர நார் தாங்குகிறது. வெந்தயத்தின் கொழகொழப்பு பிடித்துக்கொள்கிறது. தனித்தனியே இரண்டும் உதவாது, சேர்ந்தால் பத்து வருடம் அரிசி கொட்டி வைக்கலாம். மண் சுவருக்கு வைக்கோல் போட்டுச் சேறு மிதிப்பதும் இதே கணக்குதான். காய்ந்த சேறு விரிசல் விடும், விரிசலைக் குறுக்கே ஓடும் வைக்கோல் பிடித்து நிறுத்தும்.

இதைத்தான் பொறியியல் கல்லூரியில் 'காம்போசிட்' என்று படிக்கிறார்கள். கூட்டுப்பொருள். ஒன்று பிடிக்க, ஒன்று தாங்க.

தோல் சீவலில் அட்டை செய்வது ஐரோப்பாவில் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே தெரிந்த வித்தை. சீவலைத் தண்ணீரில் அரைத்துக் கூழாக்க வேண்டும். அதில் ரப்பர் பால் கலந்து, படிகாரம் போட்டால் பால் திரிகிற மாதிரி ரப்பர் திரிந்து தோல் இழைகள்மேல் படியும். கம்பிவலையில் பரப்பித் தண்ணீரை வடித்து, அழுத்தி, காயவைத்தால் லெதர் போர்டு. ஷூவின் உள்ளே இன்சோல், குதிகால் விறைப்பு, மலிவான பெல்ட் எல்லாவற்றுக்கும் ஆகும்.

அதில் ஒரு குறை உண்டு. நல்ல தோலில் இழைகள் நீளமாக ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஷேவிங் கத்தி அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிவிடுகிறது. குட்டை இழையில் செய்த அட்டை மடித்தால் விரியும், இழுத்தால் கிழியும். நீளமான இழை ஒன்று குறுக்கே ஓட வேண்டும். வைக்கோல் செய்த அதே வேலை.

1948இல் தொடங்கிய அடையாறு மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2010களில் இந்த இடத்தைத்தான் பிடித்தார்கள். தோல் கழிவோடு தேங்காய் நார், வாழை நார், கரும்புச் சக்கை என்று வயலில் மிஞ்சுகிற நார்களைச் சேர்த்துத் தகடு செய்து பார்த்தார்கள். 2017இல் எத்தியோப்பியாவில் அடையாறு நிலையத்தார் துணையோடு வெளியான ஆய்வில் அந்த நாட்டு நார்களைப் போட்டார்கள்: கற்றாழை வகை நார், பனை வகை, சணல், புளிச்சை இனத்துச் செடி, வாழை மாதிரியே இருக்கும் என்செட். அவர்களுக்கும் தோல் தொழில் உண்டு, அவர்களுக்கும் இதே குப்பைப் பிரச்சினை. ஊருக்கு ஊர் நார் மாறுகிறது, யோசனை ஒன்றுதான்.

நாரை அப்படியே போட முடியாது. மேலே மெழுகும் பிசினும் இருக்கும், ரப்பர் ஒட்டாது. இளங்காரத்தில் ஊறவைத்துக் கழுவி, சிறு துண்டாக நறுக்க வேண்டும். வாழை நாரில் செல்லுலோஸ் அதிகம், அதனால் இழுத்தால் நன்றாகத் தாங்கும், ஆனால் அதிகம் நீளாது. தேங்காய் நாரில் லிக்னின் அதிகம். வலிமை குறைவுதான், ஆனால் அறுவதற்கு முன் நன்றாக நீண்டு கொடுக்கும், தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. கயிறு திரித்த நம் பெண்களுக்கு இது எந்த ஆய்வகமும் சொல்லாமலே தெரியும்.

நம் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். குடியாத்தம், பள்ளிகொண்டா பக்கம் தென்னந்தோப்பு. கரும்பு வண்டி வரிசையில் நின்ற வடபுதுப்பட்டு, கேத்தாண்டப்பட்டி, அம்முண்டி சர்க்கரை ஆலைகள். குலை வெட்டியதும் சாய்த்துப் போடுகிற வாழை மரம். ஒரு பக்கம் தோல் கழிவு, பக்கத்திலேயே தாவரக் கழிவு. எந்தச் செடியின் பட்டையில் நம் தோல் தொழில் பிறந்ததோ, அந்தத் தாவர உலகம் வேறு வழியாக மறுபடி வந்து கை கொடுக்கிறது. மாணவன் கொண்டுவந்த அட்டையைப் பிடித்தபோது எனக்கு நைனாவின் கை ஞாபகம் வந்தது அதனால்தான்.

இங்கே நிறுத்தினால் அது பாதி வரலாறு

1992இல் கரும்பலகையில் எழுதிய மாதிரி இன்றும் நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது.

கிழக்கு ஜெர்மனியில் ட்ராபன்ட் என்று ஒரு கார். 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் கார்கள் செய்தார்கள். தகடு செய்ய இரும்பு தட்டுப்பாடு. அதனால் சோவியத் நாட்டிலிருந்து வந்த பஞ்சுக் கழிவைப் பிசினில் தோய்த்து அழுத்தி, கார் உடம்பே செய்தார்கள். தாவரக் கழிவில் கார்! துருப்பிடிக்கவே பிடிக்காது. பெர்லின் சுவர் விழுந்ததும் மக்கள் அந்தக் கார்களைத் தெருவில் விட்டுவிட்டுப் போனார்கள். அப்போதுதான் சிக்கல் தெரிந்தது. அந்தப் பிசின் ஒருமுறை இறுகினால் உருகாது. உருக்கி வேறு பொருள் செய்ய முடியாது, எரித்தால் நச்சுப் புகை. கழிவிலிருந்து வந்த பொருள் வேறு வடிவத்தில் கழிவாகவே போய் நின்றது.

நம் அட்டைக்கும் அந்தக் கேள்வி உண்டு. சீவலில் இருந்த குரோமியம் அட்டையில்தான் இருக்கிறது, எங்கும் மாயமாகவில்லை. பிய்ந்த செருப்பைக் குப்பைமேட்டில் போட்டுக் கொளுத்தினால் பழைய ஆபத்து அங்கேயும் வரும். நார் தண்ணீரை உறிஞ்சி உப்பும், மழைக்கால ஷூவுக்கு அதற்குத் தகுந்த மேல்பூச்சு வேண்டும். எனவே இதைச் 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று விளம்பரத்தில் பார்த்தால், எதைவிட உகந்தது என்று கேளுங்கள். ஏரிக்கரையில் கொட்டுவதைவிட நிச்சயம் உகந்தது. குரோமே போடாமல் பட்டையில் பதனிட்ட தோலின் சீவலில் இதைச் செய்தால் இன்னும் உகந்தது.

தாவரக் கழிவு சும்மா கிடப்பதும் இல்லை. கரும்புச் சக்கையை ஆலைகள் கொதிகலனில் எரிக்கின்றன. கரூர் பக்கம் காகிதபுரத்தில் அதில்தான் காகிதம் செய்கிறார்கள். தென்னை நார்த்தூளைப் பாருங்கள். ஒரு காலத்தில் சாலையோரம் மலை மாதிரி குவிந்து, மழையில் பழுப்புத் தண்ணீர் வடித்து, யாருக்கும் வேண்டாததாகக் கிடந்தது. இன்று அதைக் கட்டியாக அழுத்திக் கப்பலில் ஏற்றுகிறார்கள், வெளிநாட்டில் செடி வளர்க்க. பொருள் மாறவில்லை, வாங்க ஆள் வந்தார். நைனா காலத்தில் பட்டைச் சக்கைக்கும் வச்சிரத்துக்கும் இருந்தது அந்த ஆள்தான்.

ஆக, சீவலும் நாரும் சேரும் என்று ஆய்வகம் காட்டிவிட்டது. சிறு கம்பெனிகளில் விழுகிற சீவலை யார் தரம் பிரித்துச் சேர்ப்பது, வாழைத்தண்டிலிருந்து நார் உரிக்கிற பெண்ணுக்கு என்ன கூலி, அட்டை விலையில் அதை யார் கொடுப்பது? இதற்கு ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். கழிவைக் கொட்டுவது இலவசமாக இருக்கிற வரை எந்த நல்ல அட்டையும் விலையில் தோற்றுப்போகும். 1996 தீர்ப்பின் சாரமும் அதுதான். கொட்டுவதற்குக் காசு கேட்டால்தான் கொட்டாமல் இருக்க வழி தேடுவார்கள். மாமாவின் இரண்டரை ஏக்கர் யார் கணக்குப் புத்தகத்திலும் செலவாக எழுதப்படவே இல்லை. எழுதியிருந்தால் இந்த அட்டை 30 வருடம் முன்பே வந்திருக்குமோ என்னவோ.

என் பதில்

பெயர் சொல்ல விரும்பவில்லை, அந்த மாணவிக்கு இப்போது 47, 48 வயது இருக்கும். இதைப் படித்தால் நீயே என்று உனக்குத் தெரியும்.

அம்மா, நீ கேட்டது சரியான கேள்வி. நான் நடத்திய பாடத்தைவிட உன் கேள்வி பெரியது. சீவியதும் வெட்டியதும் உங்கள் கொல்லையில்தான் கொட்டப்பட்டன. அதைச் சொல்லத் தைரியம் இல்லாமல் உன்னை உட்காரச் சொன்னேன், மன்னித்துக்கொள். அவற்றில் கொஞ்சமாவது நாரோடு சேர்ந்து செருப்பின் அடியில் போக வழி இருக்கிறது என்று இன்று சொல்ல முடிகிறது. முழுப் பதில் இன்னும் இல்லை. உன் பிள்ளைகள் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் உட்காரச் சொல்லாத வாத்தியார் அவர்களுக்குக் கிடைக்கட்டும்.

ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாக எந்தப் பொருள் வந்தாலும் எதில் செய்தது என்று கேட்கிறீர்கள், விலை கேட்கிறீர்கள். மூன்றாவதாக, பிய்ந்த பிறகு இது எங்கே போகும் என்றும் கேளுங்கள். பதில் தெரியாதவர் உங்களை உட்காரச் சொல்வார். உட்காராதீர்கள்.

பட்டைக் குழியில் வேலை செய்த அப்பா, தாத்தா உங்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் காலத்தில் எதை எதை யார் வாங்கிப் போனார்கள் என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். அந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவர்கள் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. சீக்கிரம் கேளுங்கள்.

அந்த அட்டைத் துண்டு என் மேஜைமேல்தான் இருக்கிறது. வீட்டுக்கு வருபவர்கள் பிய்த்துப் பார்க்கலாம்.

அன்புடனும் ஆசிகளுடனும்,
உங்கள் வரலாற்று வாத்தியார்